பாட்டில் தண்ணீரும் சிவக்காத செடியும்

தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான். இந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர், என்ன உரம், எப்போது கவாத்து. அதெல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கிறது, என்னைவிட அது பொறுமையாகவும் சொல்கிறது. நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன். என்னிடம் இருப்பது வேறு சரக்கு. தண்ணீர் ஊற்றச் சொன்னால் ஊற்றாத ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நாளையும் பார்ப்பீர்கள். ஊற்றாதீர்கள், ஊற்றாதீர்கள் என்று ஒரு கம்பெனி முழுவதையும் கெஞ்சி நின்றவன் நானாகத்தான் இருப்பேன். அதுவும் இந்த விருதுநகர்ச் சீமையில்.

சாத்தூர் ரோட்டில் ஒரு குடும்பத்துக்குப் பட்டாசு ஆலையும் உண்டு, அச்சுக் கம்பெனியும் உண்டு. பிரஸ்ஸைப் பார்த்துக்கொண்டது மகன். அவரைச் சின்ன முதலாளி என்போம். வெளிநாட்டில் படித்தவர். தங்கமான மனுசன், பிடித்தால் பிடித்த பிடிதான். அவர்களுடைய இடங்களுக்கெல்லாம் நான்தான் தோட்ட மேற்பார்வை. ஒரு நாள் கூப்பிட்டனுப்பி, மேஜைமேல் ஒரு காலண்டர் தாளை விரித்தார். ஏதோ குளிர் தேசத்துப் படம். வீட்டு வாசலில் இடுப்பளவுச் செடிகள் வரிசையாக நிற்கின்றன, இலையெல்லாம் ரத்தச் சிவப்பு.

“நான் படிச்ச ஊர்ல இப்படித்தான் அண்ணாச்சி. இலை உதிர்றதுக்கு முன்னால செவந்து நிக்கும். நம்ம பட்டாசு பேக்டரி பாதையில ரெண்டு பக்கமும் இது வேணும்.”

“இது உங்க மெசின்ல ஏத்துன செகப்பு. செடிக்கு அம்புட்டு மை கிடையாது,” என்றேன்.

சிரித்தார். ஆனால் தாளை மடிக்கவில்லை.

பட்டாசு ஆலையில் முடியவே முடியாது என்று அங்கேயே சொன்னேன். இலை காய்ந்து உதிர்வதற்கென்றே ஒரு செடியை, வெடிமருந்து புழங்குகிற இடத்தில் கொண்டுபோய் எவன் வைப்பான்? வேம்பு உதிரவில்லையா என்று கேட்டார். வேம்பு உதிர்ந்ததை அன்றன்றைக்கே பெருக்கி வெளியே தள்ளிவிடுகிறோம். கண்ணால் பார்ப்பதற்காக இலையைக் காயவிட்டு வைத்திருப்பது அங்கே நடக்காது. அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பரவாயில்லை. முதலாளியிடம் முடியாது என்பதைச் சொல்லுகிற நாள் முதல் நாள்தான். செடி லாரியில் வந்து இறங்கிய பிறகு சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பார், அவர் கேட்பதும் நியாயம்.

கடைசியில் பிரஸ் வளாகத்துக்குள் நடுவதென்று முடிவாயிற்று. பைண்டிங் கட்டிடத்திலிருந்து கேட் வரை ஒரு நடைபாதை உண்டு. சாயங்காலம் பெண்கள் அந்த வழியாகத்தான் வேன் ஏறப் போவார்கள். படத்துச் செடி நம் வெயிலுக்கு வராது என்பதால், அதன் ஒரு பக்கம் முழுக்க லேஜர்ஸ்ட்ரோமியா வைத்தோம். எங்கள் ஆட்கள் வாயில் அது லேஜர் செடி. கோடையில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். நல்ல வெயிலில் நிற்க வேண்டும். அடைமழை முடிந்ததும் உரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டால், மார்கழிப் பனியும் வறட்சியும் சேர்ந்து தையில் இலையைச் செம்பு நிறமாக்கும், சிலதை நன்றாகவே சிவக்க வைக்கும். பிறகு உதிர்ந்து மொட்டையாகிவிடும், மறுபடி துளிர்க்கும். கரிசல் மண் ஈரத்தை விடாது என்பதால், மேடு கட்டிச் செம்மண்ணும் சரளையும் கொட்டி வைத்தேன். என் பங்குக்கு எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன்.

அந்தச் செடிகளுக்குப் போட்ட ஆள் பேச்சியம்மாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம். அதற்கு முன் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். அங்கே நடந்த ஒரு விபத்தில் இவளுக்கு முழங்கை வரை வெந்துபோயிற்று. உள்ளே இருந்த இவளுடைய மதினி திரும்பி வரவில்லை. கை ஆறியதும் யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தாள்.

“செடி வேல, குப்ப அள்ளுற வேல, எதுனாலும் குடுங்க அண்ணாச்சி. மருந்து வேலைக்கு மட்டும் போகமாட்டேன். அந்த வாசல மிதிச்சா எனக்குக் காலு ஓடமாட்டேங்குது.”

சேர்த்துக்கொண்டேன். வாய் ஓயாது, கையும் ஓயாது. செடியை அடி போடி என்றுதான் பேசுவாள். “என்னடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க” என்று அவள் யாரையோ வைவது கேட்டு எட்டிப் பார்த்தால், எதிரே ஒரு லேஜர் செடிதான் நிற்கும்.

முதல் தையில் செடி சின்னது, சிவக்கவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டாவது தையிலும் பச்சைப் பசேலென்று நின்றது. மாசியில் அழுக்குப் பழுப்பாகி அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிர்ந்தது. சின்ன முதலாளி காலண்டர் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருந்தார். நான் உள்ளே போகும்போதெல்லாம் அந்தச் சிவப்பு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவது மார்கழி பிறந்ததும் மேனேஜர் வந்து விஷயத்தைச் சொன்னார். தை முடிவதற்குள் செடி சிவக்காவிட்டால் பிடுங்கிவிட்டுச் சிமெண்ட் கல் பதித்துவிடுவது. கல் பாவிய இடத்துக்குத் தோட்டத்து ஆள் வேண்டாம்.

பேச்சியம்மாளுக்கு நான் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. கம்பெனியில் எந்தப் பேச்சு ரகசியமாக நிற்கும்? அவள் வந்து கேட்டது ஒன்றுதான்.

“கல்லு பாவிட்டா எனக்கு வேற எங்கனயாச்சும் செடி இருக்கா அண்ணாச்சி?”

இருக்கவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் ஆள் நிறைந்திருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் அவளைப் போன்ற ஒருத்திக்கு உடனே கிடைக்கக்கூடிய வேலை எது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்கே சொட்டுநீர்க் குழாயை அடைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். சில நாள் கழித்து மேட்டில் விரலை விட்டுப் பார்த்தால் ஈரம். மழை இல்லை. குழாய்க் கசிவு இல்லை. இன்னொரு இடத்தில் தோண்டினேன், அங்கேயும் ஈரம். எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று. இந்த இடத்தில்தான் நம்மில் பல பேர் அவசரப்பட்டு வாட்ச்மேனைச் சத்தம் போடுவோம். நான் சத்தம் போடவில்லை, எனக்கு அவ்வளவு நிதானம் என்பதால் அல்ல. அன்றைக்கு வாட்ச்மேன் லீவு. அதனால் சாயங்காலம் வரை செடிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் கேன்டீன்காரர் அரிசி கழுவிய தண்ணீரை ஒரு சட்டி கொண்டுவந்து செடி மூட்டில், வேரடியில் ஊற்றிவிட்டு, என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். கம்பெனி வேன் டிரைவர் கண்ணாடி துடைத்த வாளியைக் கவிழ்த்தார். அதெல்லாம் கொசுறு. வேலை விட்டதும் பைண்டிங் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, குடித்தது போக மிச்சத்தைச் செடி மூட்டில் ஊற்றிவிட்டு நடந்தாள். பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஒரு பழக்கமாக. பைண்டிங் முழுக்கப் பெண்கள். அம்புட்டுப் பேரும் ஊற்றினார்கள்.

பேச்சியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

“நாந்தான் ஊத்தச் சொன்னேன் அண்ணாச்சி. மொதக் கோடையில கெணறு வத்திப்போயி லாரித் தண்ணியும் வராமக் கெடந்துச்சே, நெனப்பிருக்கா? பிள்ளைக வாடிப்போச்சுன்னு பாதையில நின்னு ஒவ்வொருத்திகிட்டயும் கேட்டேன். மிச்சத் தண்ணிய இங்கன ஊத்திட்டுப் போங்கடின்னேன். அதுலதான அன்னைக்குப் பொழைச்சுச்சு.”

நிஜம். அந்தக் கோடையில் செடிகள் எப்படித் தாக்குப்பிடித்தன என்று நானே ஆச்சரியப்பட்டிருக்கிறேன். இப்போது அந்தத் தண்ணீர்தான் இலையைச் சிவக்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று விளக்கினேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வெந்த கையைத் தடவிக்கொண்டாள்.

“அப்ப என் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுட்டு இருந்திருக்கேன்,” என்றாள்.

மறுநாள் ‘செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்’ என்று அட்டை எழுதி மாட்டினேன். பிரஸ்காரர்கள் என்பதால் நாலு கலரில் அழகாக அடித்தே கொடுத்தார்கள். பெண்கள் நின்று படித்தார்கள், சிரித்தார்கள், ஊற்றினார்கள். பேச்சியம்மாளுக்கும் எனக்கும் ஏதோ சண்டை, அந்தக் கோபத்தை அண்ணாச்சி செடிமேல் காட்டுகிறார் என்று ஒரு பேச்சு. பாதையை அடைத்து, பெண்களைப் பின்பக்க கேட் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லலாம் என்றார் மேனேஜர். அது ஒரு உத்தரவில் முடிகிற காரியம். நான் வேண்டாம் என்றேன். ஒரு செடிக்காக அம்புட்டுப் பெண்களை வெயிலில் சுற்றவிட்டால், அந்தச் செடி சிவந்து என்ன, சிவக்காமல் என்ன? எல்லாரும் அதைக் கரித்துக்கொட்டுவார்கள். பேச்சியம்மாளையும் சேர்த்து.

அவளே பாதையில் நின்று சொல்லிப் பார்த்தாள். முதல் கோடையில் ஊற்றச் சொல்லிக் கெஞ்சிய அதே இடத்தில் நின்று, ஊற்றாதீர்கள் என்று கெஞ்சினாள். பைண்டிங்கில் முத்துமாரி என்று ஒருத்தி. வேலையிலும் முதல், வாயிலும் முதல். அவள் பாட்டிலைத் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

“ஏய் பேச்சி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? மூணு வருசமா ஊத்து ஊத்துன்ன. இப்ப ஊத்தாதங்க. சரி, ஊத்தல. இந்தத் தண்ணிய எங்கன ஊத்த? சும்மா தரையில கொட்டிட்டுப் போகச் சொல்றியா?”

கூடவந்த பெண்கள் எல்லாரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். ஒருத்தி மூடியைத் திருகிப் பாட்டிலைப் பைக்குள் வைத்துப் பார்த்தாள், மனசு கேட்காமல் மறுபடி வெளியே எடுத்தாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மல்லாங்கிணற்றிலும் சாத்தூரிலும் குடம் சுமந்து வளர்ந்த பெண்களிடம் போய், நான் ஊற்றாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு எங்கே ஊற்றுவது என்று சொல்லவே இல்லை. நல்ல தண்ணீரை வெறும் தரையில் கொட்ட அவர்களுக்குக் கை வராது.

அடுத்த நாளே பாதையின் மறுபக்கம் மண்ணைக் கொத்தி, வீட்டுப் பக்கம் நான் வைத்திருந்த நர்சரியிலிருந்து கனகாம்பரம் கொண்டுவந்து நீளமாக நட்டேன். பேச்சியம்மாள் பாதையில் நின்று, போலீஸ்காரர் மாதிரிக் கையை நீட்டி, “அந்தப் பக்கம், அந்தப் பக்கம்” என்று காட்டினாள். முத்துமாரிதான் முதலில் ஊற்றினாள்.

“இதுல பூத்தா யாருக்கு?”

“ஊத்துனவளுக்குத்தான்,” என்றாள் பேச்சியம்மாள்.

அதோடு முடிந்தது அந்தப் பிரச்சினை. அட்டையை நானே கழற்றிவிட்டேன். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்களில் பாதிப் பேர் இன்னும் அட்டைதான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பழகிப்போன கையைச் சும்மா நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்கு வேறு இடம் காட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

செடிக்குத் தண்ணீர் நின்றது. அதன் பிறகுதான் கஷ்டமே. பொங்கலுக்கு முன்னாலேயே மத்தியான வெயிலில் இலைகள் தொங்க ஆரம்பித்தன. காயப்போடுவது எனக்கும் பழக்கமில்லாத வேலை. எதைக் காப்பாற்றுவது என்றுதான் வாழ்நாளெல்லாம் யோசித்திருக்கிறோம், எவ்வளவு வாடவிடலாம் என்று யார் யோசித்தது? ரொம்ப விட்டால் செத்துப்போகும். பாவம் பார்த்து ஒரு வாளி ஊற்றினால் பச்சை திரும்பிவிடும், தை போய்விடும். பேச்சியம்மாள் மத்தியானமானால் ஓடி வருவாள்.

“தலை தொங்கிப்போச்சு அண்ணாச்சி. என்னப் பாக்குதுக. என்னால அந்தப் பக்கம் நடக்க முடியல.”

“மத்தியானத்துல பாக்காத. விடிய வந்து பாரு. ராப் பனியில நிமிந்திருந்தா உசுரு கெட்டியா இருக்கு. விடியவும் தொங்குனா உடனே சொல்லு,” என்றேன்.

விடிய விடிய இரண்டு பேரும் வந்து பார்த்தோம். நிமிர்ந்து நின்றன. சுவரோரம் கடைசியாக இருந்த இரண்டு மட்டும் ஒரு காலையில் நிமிரவில்லை. அதற்கு மட்டும் ஊற்றச் சொன்னேன். குடத்தை எடுத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த இரண்டும் கடைசி வரை பச்சையாகவே நின்றன, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தை பாதி கழிந்தது. இலையில் ஒரு மங்கல் விழுந்திருந்தது, அவ்வளவுதான். நிறம் மாறுகிறதா, நோவா என்று எனக்கே சந்தேகம். அன்றைக்குக் காலையில் சிமெண்ட் கல் லோடு வந்து கேட்டருகே இறங்கியது. சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது, சும்மா கிடக்கட்டும் என்றார் மேனேஜர். அடுக்கிய கல்லுக்கு இந்தப் பக்கம் செடி, அந்தப் பக்கம் பேச்சியம்மாள். அவள் நேராக என்னிடம் வந்தாள். அவள் ஊரிலிருந்து பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்காரர் வீட்டுக்கே வந்து கேட்டிருக்கிறார். ஒரு இடம் காலி இருக்கிறதாம். நாளைக்குள் சொல்ல வேண்டுமாம்.

“அண்ணாச்சி, வெளையாடாமச் சொல்லுங்க. இது செவக்குமா, செவக்காதா?”

இந்தத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே கஷ்டமானது அதுதான். செவக்கும் என்று சொல்ல நாக்கு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். சொல்லிவிட்டு, செடி ஏமாற்றினால்? அந்த இடமும் போயிருக்கும், இந்த இடமும் போயிருக்கும்.

“எனக்குத் தெரியல பேச்சி.”

“இம்புட்டு நாள் அதுகளக் காயப்போட்டு என்னையும் காயப்போட்டுட்டு, தெரியலங்கறீக?”

“செடிக்காக நான் வாக்குக் குடுக்க முடியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒண்ணு செய். வேன்காரர்ட்ட மாட்டேன்னு சொல்லாத. இந்த வாரம் தோதுப்படல, அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லு. அதுக்குள்ள தெரிஞ்சிரும்.”

“அடுத்த வாரம் அந்த வேன்ல ஏறச் சொல்லிருவீகளா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நீங்களும் ஒரு நாள் இப்படி நிற்பீர்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி அந்த நிமிஷத்தைத் தாண்டிவிடத் தோன்றும். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது ஆறிவிடும்.

அந்த வாரம் பனி நன்றாக இறங்கியது. சாத்தூர் ஸ்டேஷன் பக்கம் காலையில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. நான் வேறொரு இடத்து வேலையில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் போன் அடித்தது. பேச்சியம்மாள்.

“வாங்க,” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

போய்ப் பார்த்தேன். கிழக்கு வெயில் படுகிற பக்கம் முழுக்கச் செம்பு நிறம். நுனி இலைகள் நல்ல சிவப்பு. உள்ளே மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து கிடந்தன. அதற்கடுத்த நாள் இன்னும் கூடியது. காலண்டர் சிவப்பு இல்லை அது. நான் சொல்லியிருந்தபடி, செடிக்கு அம்புட்டு மை கிடையாது. ஆனால் சாயங்காலம் பைண்டிங் விட்டதும் பெண்கள் பாதையில் அப்படியே நின்றுவிட்டார்கள். வேன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

“ஏ பேச்சி, இதுக்குத்தானா அம்புட்டு ஆர்ப்பாட்டம்?” என்றாள் முத்துமாரி. “நல்லாத்தான் இருக்கு. நல்லாத்தான் காயப்போட்ருக்கீக.”

வெளியூர் போயிருந்த சின்ன முதலாளி வந்ததும் பார்த்தார். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“படத்துல இருக்கிற மாதிரி இல்லையே அண்ணாச்சி.”

“இல்ல.”

“இது வேற மாதிரி இருக்கு,” என்றார். இலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, கல்லை வேன் நிற்கிற இடத்தில் பதிக்கச் சொன்னார், அங்கேதான் மழைக்குச் சேறாகிறதாம். “செடிய அந்தம்மாவே பாத்துக்கிடட்டும்,” என்றார். பேச்சியம்மாள் வாருகலோடு பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குக் கேட்டது. பெருக்குவதை நிறுத்தாமல் பெருக்கிக்கொண்டே இருந்தாள், பெருக்கிய இடத்தையே மறுபடி மறுபடி.

வேன்காரருக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம்.

மாசி பிறந்ததும் இலை முழுக்க உதிர்ந்தது. அவ்வளவையும் அவள்தான் அள்ளினாள். மொட்டைக் குச்சிகள் வரிசையாக நின்றன. பட்டுப்போய்விட்டதா என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். நகத்தால் ஒரு கிளையைச் சுரண்டி உள்ளே பச்சையைக் காட்டினேன். பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இப்பவாச்சும் ஊத்தலாமா அண்ணாச்சி?”

“ஊத்து.”

குழாய்ச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், குழாயைத் திறக்கவில்லை. வேலை விடுகிற நேரம் வரை காத்திருந்தாள். பைண்டிங் பெண்கள் வந்து, பழகிய கையால் கனகாம்பரத்துப் பக்கம் திரும்பினார்கள். பேச்சியம்மாள் பாதை நடுவில் போய் நின்று கையை இந்தப் பக்கம் நீட்டினாள்.

“இங்கன ஊத்துங்கடி. இன்னைக்கு எல்லாத் தண்ணியும் இங்கனதான்.”

ஒவ்வொருத்தியாக நின்று, குனிந்து ஊற்றினார்கள். சிலர் குழாயடிக்குத் திரும்பிப் போய்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். பேச்சியம்மாள் செடி செடியாக உட்கார்ந்து, மூட்டு மண்ணைக் கையால் கூட்டி அணை கட்டினாள். “குடிடி, நல்லாக் குடி” என்று ஒவ்வொன்றிடமும் சொன்னாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. அன்றைக்கு வேன் லேட்டாகத்தான் கிளம்பியது.